சபமிதா முதல் குணமதியார் வரை

கிடாரிப்பட்டியில் இறங்கி அழகர்மலைக் குகைக்கு வழி கேட்டால், "பஞ்சபாண்டவர் படுக்கைக்குத்தானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். மதுரை வட்டாரத்தில் கற்படுக்கை உள்ள பல குன்றுகளுக்கும் இந்தப் பெயர்தான். பாண்டவர் ஐவரும் வனவாச காலத்தில் இங்கே வந்து படுத்துவிட்டுப் போனார்கள் என்பது ஊர்க்கதை. உண்மையில் இந்தப் படுக்கைகள் சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்டவை. அந்தத் துறவு உலகத்தில் பெண்களும் இருந்தார்கள், தங்கள் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்கள் இருக்கும் இடத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை.

ஏற்றம் கடினமில்லை, வெயில்தான் கடினம். விடிந்ததும் ஏறிவிடுவது நல்லது. மேலே பாறை முன்னுக்கு நீண்டு கூரையாகக் கவிந்திருக்கிறது. அதன் நிழலுக்குள் கால் வைத்ததும் சூடு சட்டென்று இறங்குகிறது. தரையில் அடுத்தடுத்துக் கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்று உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வராமலிருக்க முகப்பில் நீளவாக்கில் காடி எடுத்திருக்கிறார்கள். படுக்கையைத் தொட்டுப் பார்த்தேன். பாறை சொரசொரப்புத்தான், ஆனால் படுக்கை நடுவில் வழவழவென்று இருக்கிறது.

இங்குள்ள எழுத்துகள் தமிழி எழுத்துகள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டு அறிஞர்கள் கணிப்பு. படித்துப் பார்த்தால் ஒரு கடைத்தெருவே எழுந்து வருகிறது. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர், பாணிதம் என்ற வெல்லப்பாகு விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், துணி விற்றவர். எல்லாரும் இந்தக் குகையைத் துறவிகளுக்கு ஏற்றபடி செப்பனிட்டுத் தரக் கை கொடுத்தவர்கள். அரசன் பெயர் தேடி வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான். சந்தையில் நின்று விற்றவர்களின் பெயர்களே இருக்கின்றன.

அந்தப் பெயர்களுக்கு நடுவே சபமிதா இருக்கிறார். பழந்தமிழ்க் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து 2003-இல் பெருநூலாக வெளியிட்ட ஐராவதம் மகாதேவன், இவரைப் பெண் துறவி என்று அடையாளம் காட்டினார். ஒரு பெயர், அவர் துறவி என்பதைச் சொல்லும் ஒரு சொல், அவ்வளவுதான் கல்வெட்டு. எந்த ஊர், யார் மகள், எந்த வயதில் வீட்டை விட்டு வந்தார் என்ற பேச்சே இல்லை.

வணிகர் கொடை தந்தார் என்றால் வியப்பில்லை, கையில் காசு இருந்தது. எல்லாவற்றையும் விட்டு வந்த பெண் எதைக் கொடுத்தார்? கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிச்சைக்குப் போகும் வீடுகளில் அம்மாக்களிடமும் மருமகள்களிடமும் சொல்லி, மலையில் துறவிகளுக்கு இடம் செய்ய வேண்டும் என்று சேர்த்திருப்பார். இது என் ஊகம். ஆனால் இதற்கு வலுவான துணை உண்டு. மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியில் பௌத்தத் தூபிக்குக் கொடை தந்தவர் பட்டியலில் பிக்குணிகள் பெயர் வரிசை வரிசையாக இருக்கிறது. சொத்தில்லாத பெண்கள் சேர்ந்து கல் வாங்கித் தந்த காலம் அது.

அதே நூற்றாண்டில் ரோம் நகரத்தில் வெஸ்டா தேவியின் தீ அணையாமல் ஆறு கன்னிப் பெண்கள் காத்து நின்றார்கள். முப்பது ஆண்டுக் கடமை. நெறி தவறினால் உயிரோடு புதைத்தார்கள். ஊர் முழுக்க அவர்களுக்கு மரியாதை, ஆனால் தேர்ந்தெடுப்பதும் தண்டிப்பதும் ஆண்கள் கையில். சபமிதாவின் துறவு நடந்து திரிகிற துறவு. மழைக்காலத்து நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்கக் கூடாது என்பது சமண விதி. மதுரைச் சமவெளியைச் சுற்றிக் குன்றுக்குக் குன்று குகை இருப்பதன் பொருள் அந்த நடையைக் கணக்கில் எடுத்தால்தான் விளங்கும். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம். நடுவே மதுரை. பிச்சைக்கும் அறம் சொல்லவும் அந்த ஊர் தேவைப்பட்டது.

அப்படி நடந்த ஒரு பெண்ணை முழு உருவத்தில் காட்டுவது சிலப்பதிகாரம். கவுந்தி அடிகள் பிச்சைப் பாத்திரத்தை உறியில் தொங்கவிட்டு, மயில்பீலியைக் கையில் ஏந்தி, காவிரிக் கரையிலிருந்து கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு நடக்கிறார். அவர் வெறும் வழித்துணையாக வரவில்லை. மதுரையில் பெரியோரிடம் அறம் கேட்க வேண்டும், அறிவனை வணங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு முன்பிருந்தே உண்டு. தம் பயணத்தோடு அவர்கள் பயணத்தையும் சேர்த்துக்கொண்டார். நண்டு, நத்தை முதலான உயிர்கள் காலில் மிதிபட்டுவிடக் கூடாதே என்ற கவலையை அவர் புறப்படும்போதே சொல்வது, சமணத் துறவியரை நேரில் பார்த்த கவிஞர் எழுதியது என்பதற்கு எனக்குப் போதுமான சான்று.

அழகர்கோயில் சாலையில் மதுரைக்குத் திரும்பும்போது வையைப் பாலத்தில் எப்போதும் எனக்கு இந்த மூவர் நினைவுதான். பெரிய படகுத்துறை வழியே போகாமல் மரத்தெப்பத்தில் ஆற்றைக் கடந்து, துறவோர் வாழும் புறஞ்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் இன்னொரு பெண் எதிர்ப்படுகிறாள். ஆயர்குல முதுமகள் மாதரி. அவள் அந்த நேரத்தில் எங்கே போய்விட்டு வருகிறாள் என்பதை இளங்கோ கவனமாகச் சொல்கிறார். ஊர்ப்புறத்து இயக்கி கோயிலில் பால்சோறு படைத்துவிட்டு வருகிறாள். சமணத் துறவியைக் கண்டதும் அதே கையோடு அடி தொழுகிறாள். மறுநாள் வீட்டில் தீய குறி தெரிந்ததும், பால் உறையாமல் வெண்ணெய் உருகாமல் போனதும், இடைச்சேரிப் பெண்களைக் கூட்டி மாயோனுக்கு முன்னே குரவை ஆடவைக்கிறாள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை இட்டு வட்டத்தில் நிறுத்துகிறாள்.

இயக்கி, அருகன் நெறித் துறவி, மாயோன். ஒரே பெண்ணின் வழிபாட்டில் மூன்றும் இருந்தன. எது எந்த மதம் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கன்று நலம், பால் நலம், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நலம், இவற்றுக்கு எங்கே கைகூப்ப வேண்டுமோ அங்கே கூப்பினாள். பண்டைய பெண்களின் சமய வாழ்வை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துறவிகளையும் அரசிகளையும் எழுதுகிறார்கள். மாதரி போன்றவர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. காப்பியத்தில் ஒருத்தி தப்பிப் பிழைத்தது நம் பேறு. அவள் முடிவும் கவுந்தி முடிவும் சேர்த்து நினைக்கத் தக்கவை. அடைக்கலமாக ஒப்படைத்த பெண்ணைக் காக்க முடியவில்லை என்று மாதரி தீயில் இறங்கினாள். செய்தி கேட்ட கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார்.

கண்ணகியும் இந்தக் கணக்கில் வர வேண்டியவள்தான். புகாரில் தோழி தேவந்தி, இரண்டு குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் திரும்புவான் என்று நோன்பு சொல்லித் தருகிறாள். அது தனக்குப் பெருமை தராது என்று கண்ணகி ஒற்றைச் சொல்லில் மறுத்துவிடுகிறாள். நோன்பு எடுப்பது மட்டும் சமய வாழ்வு ஆகாது. எடுக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னதும் அதில் சேரும். இன்று சிம்மக்கல் பக்கத்துச் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கும் சிலை இருக்கிறது. பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் இருக்கிறது. மதுரை அந்தக் கதையை விடவில்லை.

மணிமேகலையிலும் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. பசித்தவருக்கெல்லாம் சோறு தரும் அமுதசுரபி முதலில் கொடுக்கப்பட்டது மதுரையில், சிந்தாதேவி என்ற கலைத் தெய்வத்தின் கோயிலில். பெற்றவன் ஆபுத்திரன். அவன் கையிலிருந்து போய், கடைசியில் இளம் பிக்குணி மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவள் அதைக் கொண்டு சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்றச் செய்தாள்.

மதுரையின் சமயத் திசையையே திருப்பியவரும் ஒரு பெண்தான். 7-ஆம் நூற்றாண்டு. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் சமண நெறியில் இருக்கிறான். அவன் மனைவி சோழர் மகள் மங்கையர்க்கரசி சைவர். அரண்மனையில் அவர் பக்கம் இருந்தவர் அமைச்சர் குலச்சிறையார். திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தது இவர்கள் இருவர். ஆலவாய்ப் பதிகம் ஒன்றைச் சம்பந்தர் மங்கையர்க்கரசியார் பெயரில் தொடங்கினார். அறுபத்துமூவரில் மூன்றே பெண்கள், அதில் இவர் ஒருவர். சம்பந்தரோடு நடந்த வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்லும். அந்த எண்ணிக்கையை வரலாறாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் இருநூறு, முந்நூறு ஆண்டு மதுரை மலைகளில் சமணத் திருமேனிகள் புதிதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கதையின் கசப்பை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்ணின் பக்தி வென்றபோது, கவுந்தியின் வழி வந்த பெண்களுக்கு அரண்மனை வாசல் மூடியது.

திருப்பரங்குன்றத்துக்கு மதுரைக்காரர்கள் முருகன் கல்யாணத்துக்குப் போவார்கள். முகூர்த்த நாளில் மாலையும் கழுத்துமாக எத்தனையோ மணமக்களைப் பார்க்கலாம். நான் போனது நக்கன் கொற்றியைத் தேடி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், கலியாண்டு 3874, அதாவது கி.பி. 773-இல், கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தில் வந்த சாத்தன் கணபதி என்ற பெரிய அதிகாரி இங்கே கோயிலையும் குளத்தையும் திருத்தினார். அதே கல்வெட்டு அவர் மனைவி நக்கன் கொற்றி செய்ததையும் தனியாகச் சொல்கிறது. கொற்றவைக்கு ஒரு கோயில், சேட்டைக்கு ஒரு கோயில்.

சேட்டை என்றால் இன்று யாருக்கும் பிடிக்காது. மூதேவி என்று வசவாக்கிவிட்டோம். 8-ஆம் நூற்றாண்டில் அவள் மூத்த தேவி. பருத்த உடலோடு கால் தொங்கவிட்டு அமர்ந்து, மாட்டு முகத்து மகன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும், காக்கைக் கொடியோடு இருப்பாள். பிள்ளை பெற்று வயிறு தளர்ந்த தாயின் உருவம் அது. கணவர் குளம் திருத்தும்போது இந்தப் பெண் தன் பொருளில் தெய்வம் தேர்ந்தெடுக்கிறாள், தேர்ந்தெடுத்தது இரண்டும் பெண் தெய்வம். ஒன்று போர்த் தெய்வம், ஒன்று தாய். கொற்றி என்ற பெயரே கொற்றவையிடமிருந்து வந்ததாக இருக்கலாம். பெற்றோர் வைத்த பெயருக்குரிய தெய்வத்துக்கு அவள் மலையைக் குடையச் செய்தாள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. துர்க்கை இன்றும் இங்கே பூசை பெறுகிறாள். சேட்டையை வழிபட வருகிறவர்கள் இல்லை. அவளை விரட்டியது யார், பெண்கள்தான் அவளை முதலில் கைவிட்டார்களா, கைவிடச் சொல்லிக் கொடுக்கப்பட்டார்களா என்று யாராவது பொறுமையாக எழுத வேண்டும்.

இனி சமணர்மலை. மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுது விட்ட ஆலமரங்கள், பெரிய குதிரைகளோடு அய்யனார் கோயில், கருப்பசாமி. இந்த மலையில் ஏறுகிறவர் யாரும் அவர்களைக் கடந்துதான் ஏற வேண்டும். பசுமை நடை அமைப்பினர் எத்தனையோ பேரை இங்கே அழைத்து வந்து மதுரைக்காரர்களுக்கே மதுரையைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் இந்த மலைகளைக் கல் குவாரிக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் அறிந்த அளவு படித்தவர்கள் அறியவில்லை.

ஒரு பக்கம் செட்டிப்பொடவு. வெளியே தாமரைப் பீடத்தில் பெரிய தீர்த்தங்கரர். அவரைத்தான் ஊரார் செட்டியார் என்கிறார்கள். குகைக்குள் குனிந்து போய் நிமிர்ந்தால் வளைந்த கூரைப் பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். நடுவில் முக்குடைக்கீழ் மூன்று தீர்த்தங்கரர்கள் கண் மூடி அமைதியாக இருக்க, ஓர் ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஏறி வில் வளைத்து யானை மேல் வருகிற வீரனை எதிர்க்கிறாள் ஓர் இயக்கி. கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயத்தின் குகையில் இந்தப் போர் எப்படி வந்தது என்று முதலில் திகைப்பாக இருக்கும். எனக்கு அது மாதரியின் இயக்கி, நக்கன் கொற்றியின் கொற்றவை. தீர்த்தங்கரர் வீடுபேற்றுக்கு வழி காட்டுவார். காய்ச்சலுக்கும் கன்றுக்கும் பேறுகாலத்துக்கும் அவரிடம் கேட்க முடியாது. அதற்கு ஒரு தாய் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள், சமணம் இடம் கொடுத்தது. பழனிப் பக்கம் அயிரைமலையில் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சாந்திவீரக் குரவர் பார்சுவநாதரையும் இயக்கியரையும் சேர்த்தே புதுப்பித்ததைச் சொல்கிறது. தென்பாண்டிச் சீமையில் இசக்கியம்மனாக அவள் இன்றும் பொங்கல் வாங்குகிறாள்.

மறுபக்கம் படி ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் முகங்கள் துலங்கும். பாகுபலி நிற்கிறார். நின்ற இடத்திலேயே தவம் செய்ததால் கொடிகள் காலைச் சுற்றிவிட்டன. இரு பக்கமும் இரண்டு பெண்கள், அவர் உடன்பிறந்த பிராமியும் சுந்தரியும். இருவரும் துறவு பூண்டவர்கள். தந்தை ரிஷபதேவர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது சமண மரபு. அண்ணனுக்கு வழி சொல்லும் தங்கைகள், எழுத்தும் எண்ணும் அறிந்தவர்கள், இடுப்பளவு உயரத்தில் இந்தப் பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறார்கள்.

திருமேனிகளின் கீழே வட்டெழுத்து. இங்கே முழங்கால் போட்டுக் குனிய வேண்டும். எழுத்துகள் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன. பாறையின் வெடிப்பு வந்த இடத்தில் எழுதியவர் தாண்டி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளியின் ஆசிரியர்கள், மாணாக்கர்கள் பெயர்கள். அந்த வரிசையில் ஒன்று, இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்கிறது.

அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. 9, 10-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, தமிழ்நாட்டு மலை மலையாகப் போய்த் திருமேனி செதுக்குவித்த துறவி. அழகர்மலை, ஆனைமலை, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி, உத்தமபாளையம், வடக்கே வள்ளிமலை வரை அவர் பெயர் இருக்கிறது. சபமிதா கொடை தந்த அதே அழகர்மலைக் குகையில் ஆயிரம் ஆண்டு கழித்து அவர் ஒரு திருமேனி வைத்தார். சம்பந்தர் காலத்து அடிக்குப் பின் சமணம் மறுபடி நிமிர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அந்த வேலையில் அவர் அம்மாவும் இறங்கியிருக்கிறார் என்பதை இந்த ஒரு வரி மட்டும் சொல்கிறது.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி நின்ற இடம். கட்டடம் போய்விட்டது, அடித்தளமும் அதில் எழுத்தும் மிச்சம். பராந்தக வீரநாராயண பாண்டியனின் அரசி வானவன் மாதேவி பெயரால் எடுத்த பள்ளி என்பார்கள். பாறையில் காற்று பலமாக அடிக்கிறது. கீழே வயல், தென்னை, தூரத்தில் மதுரைக் கோபுரங்கள். அங்கே உட்கார்ந்துதான் நான் குரத்தியரைப் பற்றி யோசித்தேன்.

குரவர் என்றால் ஆசிரியர், குரத்தியர் பெண் ஆசிரியர்கள். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில் பாறை நிறையத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருமேனிகளைச் செய்வித்தவர் பட்டியலில் குரத்தியர் ஒருவர் இருவராக வரவில்லை, கூட்டமாக வருகிறார்கள். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள், கூடற் குரத்தியார் என்று ஊர்ப்பெயரோடு வருகிறார்கள். அவர்களுக்கு மாணாக்கியர் உண்டு, ஆண் மாணாக்கரும் உண்டு. குமரி மாவட்டத்துச் சிதறாலில் குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் அணி கொடுத்திருக்கிறார். ஆர்க்காடு பக்கம் விளாப்பாக்கத்தில், 945-ஐ ஒட்டி, பட்டினிக் குரத்தி அடிகள் பெண்பள்ளிக்குக் கிணறு வெட்டியிருக்கிறார். பெண்கள் தங்கிப் படித்த பள்ளி, அதற்குப் பெண் வெட்டிய கிணறு.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வந்தவாசிப் பக்கத்து வேடல் கல்வெட்டு. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டு. கனகவீரக் குரத்தியாருக்கு ஐந்நூறு மாணாக்கியர். அவர்களுக்கும் நானூறு பெண் துறவியருக்கும் சச்சரவு. ஊரார் கூடி, கனகவீரக் குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் நாங்கள் காத்துச் சோறிடுவோம் என்று பொறுப்பேற்றார்கள். ஐந்நூறும் நானூறும் ஓலையில் எழுதும் பெரிய எண்களாகவே இருக்கட்டும். ஒரு சிற்றூரில் இத்தனை பெண்கள் துறவில் இருந்தார்கள், பிரிவுபட்டார்கள், சண்டையிட்டார்கள், ஊர் ஒரு பக்கம் எடுத்து நின்றது. சாந்தமே உருவாய் மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று நாம் கற்பனை செய்யும் பெண் துறவிகள் இவர்கள் அல்லர். இடத்துக்கும் சோற்றுக்கும் உரிமைக்கும் வாதாடிய கூட்டம் இது.

இதில் பெரிய முரண் ஒன்றிருக்கிறது. தமிழ்நாட்டுச் சமணம் திகம்பர நெறி சார்ந்தது. பெண் உடலோடு வீடுபேறு கிடையாது, ஆணாகப் பிறந்து வந்துதான் அடைய முடியும் என்பது திகம்பரர் கொள்கை. அந்தக் கொள்கையின் கீழ் இருந்துகொண்டே இந்தப் பெண்கள் ஆசிரியர்களானார்கள், ஆண்களுக்கும் பாடம் சொன்னார்கள், கல்லில் பெயர் வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். வீடுபேறு பற்றி நூல் என்ன சொன்னதோ, ஊர் அவர்கள் காலில் விழுந்தது. கோட்பாட்டை மட்டும் படித்து அக்காலப் பெண்களைப் பற்றி முடிவு கட்டுகிறவர்கள் ஒருமுறையாவது இந்த மலைகளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

இறங்கி வரும்போது ஆலமரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள் ஒரு குடும்பத்துப் பெண்கள். அப்பத்தா ஒருவர் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார்.

"மேல என்னத்தா இருக்கு, இத்தன நேரம் ஏறிக் கெடக்க?"

"பேச்சிப்பள்ளத்துல சாமி சிலை இருக்குல்ல அப்பத்தா, அதுல எழுதியிருக்கிறதப் படிச்சேன்."

"நாங்க எம்புட்டு வருசமாப் பாக்குறோம். எழுத்து இருக்குறது தெரியும், என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொன்னதில்ல."

குணமதியாரைப் பற்றிச் சொன்னேன். அவர் மகன் ஊரூராகப் போன துறவி என்றும், மலை மலையாக அவர் பெயர் இருக்கிறது என்றும் சொன்னேன். அப்பத்தா ஓலை தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சாமியாராப் போன பயலா? அப்ப வீடு வாசல், ஆத்தா அப்பன் எல்லாத்தையும் விட்டுட்டுல்ல போயிருப்பான்?"

"ஆமா அப்பத்தா. விட்டுட்டுத்தான் போகணும்."

"அப்புறம் எப்படி, இன்னாரு தாயின்னு போட்டிருக்கு?"

எந்த நூலிலும் நான் பார்க்காத கேள்வி. துறந்த மகனுக்குத் தாய் என்ற உறவை, அந்த மகன் சார்ந்த பள்ளியாரே, தீர்த்தங்கரர் காலடியில் எழுத விட்டிருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை என்றேன். அப்பத்தா அடுப்பில் ஓலையைத் தள்ளியபடி மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"அவ விட்டுருக்க மாட்டா. ஏந் தாயி, அவ பேரு என்ன சொன்ன, இன்னொருக்கச் சொல்லு. இந்தப் புள்ளைகளும் கேக்கட்டும்."